கோட்டை வாயிலில் ஒரு நிமிடம்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கண்டிப் பங்குகளிலிருந்து கடற்கரைக்கு ஒருநாள் பயணம் புறப்படுவது வழக்கம். விடியுமுன் பேருந்தில் ஏறினால், மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் கடந்து முற்பகலில் திருகோணமலையை அடையலாம். மலைநாட்டவரான நமக்குக் கடலைக் காண்பதே தனி மகிழ்ச்சி. நீராடுகிறோம், சோற்றுப் பொதியைப் பகிர்ந்து உண்கிறோம், கோட்டை வாயிலால் நுழைந்து கோணேசர் ஆலயம்வரை ஏறி, படமெடுத்துத் திரும்புகிறோம். அந்த வாயிலில் ஒரு நிமிடமேனும் நின்றதுண்டா?

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். மீன் இலச்சினை பொறித்த கல்லொன்று இன்றும் அவ்வாயிலில் உள்ளது. 1950இல் கிணறு தோண்டியபோது, மண்ணில் புதைந்திருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் ஆலய இடிபாடுகளைக் கண்டனர். 1963இல் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நடைபெற்றது.

"படைத்தளபதிகள் செய்த செயலுக்கு நாம் என்ன செய்வது?" என்று கேட்போர் உண்டு. ஆனால், இடித்தவர்கள் சிலுவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த செபங்களை உரிமையோடு சொல்லும் நாம், அவர்கள் விட்டுச்சென்ற கடனை மட்டும் மறுப்பது நேர்மையாகுமா?

புனித பவுல் ஏதென்சு நகரில் நடந்துகொண்ட விதத்தைத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கிரேக்கரின் சிலைகளைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது உண்மையே. ஆயினும் அவர் எதையும் உடைக்கவில்லை. அவர்களுடைய வழிபாட்டிடங்களை உற்றுநோக்கினார். அறியாத கடவுளுக்கென எழுப்பியிருந்த பீடத்தைக் கண்டு, அதிலிருந்தே தம் பேச்சைத் தொடங்கினார்.

அந்த வழியில் நடந்த ஒருவரை நம் கண்டி மண்ணும் அறியும். ஒல்லாந்தர் கரையோரங்களில் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தார். உளவாளி என்ற ஐயத்தில் முதலில் சிறைவைக்கப்பட்டார். பின்னர், பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரமாகப் பணியாற்ற இடமளித்தான். 1697இல் அம்மைநோய் பரவியபோது, பிறர் விட்டோடிய நோயாளரை அடிகளார் தேடிச்சென்று பேணினார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

எண்ணிப் பாருங்கள். கிறிஸ்தவர் ஒரு சைவ ஆலயத்தை இடித்தனர். கிறிஸ்தவரே கிறிஸ்தவரைத் துரத்தினர். பௌத்த மன்னன் ஒருவன் நமக்கு அடைக்கலம் தந்தான். இந்த மூன்றையும் நம் பிள்ளைகள் சேர்த்தே கற்க வேண்டும். புனிதரின் புகழை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அது பாதி வரலாறு.

திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12 அன்று வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். பேரவைக்கும் பேராலயத்திற்கும் மட்டும் உரிய செயலா அது? அடுத்த பயணத்தில் கோட்டை வாயிலில் சற்று நில்லுங்கள். அந்தக் கல்லின் கதையைச் சிறுவருக்குச் சொல்லுங்கள். மௌனமாக மன்னிப்பு வேண்டியபின் மலையேறுங்கள்.

சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் பணித்தார். நானூறு ஆண்டுகள் கடந்தாலும், அந்தக் கட்டளைக்குக் காலாவதி இல்லை.