வீட்டு நாய்க்குத் துணை தேடுமுன்

"எங்கள் வீட்டுப் பெட்டை நாய்க்கு நல்ல துணை ஒன்று தேடித்தர இயலுமா, சுவாமி?" என்று கேட்டுக்கொண்டு பங்கு இல்லத்தின் வாயிலுக்கு வருவோரும் உண்டு எனக் கூறின், வாசகர் நகைக்கக்கூடும். மனிதருக்கு வரன் தேடுவோர் வந்து வினவும் இடத்தில் நாய்க்கும் வரனா என நாமும் நகைத்ததுண்டு. ஆயினும், எந்தத் தெருவில் எவர் வீட்டு வாயிலில் எந்த நாய் நிற்கிறது என்பதை, வீடு சந்திக்கச் செல்லும் குருவானவரைப் போல் அறிந்தவர் தபால்காரர் ஒருவரே. ஆதலின் அவ்வினா நம்மிடம் வருவதில் வியப்பில்லை. துணை எங்கே இருக்கிறது என்று சொல்லுமுன், துணை வேண்டுமா என்பதை இத்திங்கள் சற்று எண்ணிப் பார்ப்போம்.

காரணம் கேட்டால் குடும்பத்தார் பெரும்பாலும் சொல்வது, "ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் அதன் உடம்புக்கு நல்லது" என்பது. தலைமுறை தலைமுறையாக வரும் இந்நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஈனாத பெட்டைக்கு அதனால் மட்டும் நோய் வருவதில்லை. ஈன்றதற்கு அதனால் பாதுகாப்பும் கிட்டுவதில்லை. நடுவயதைக் கடந்த பெட்டை நாய்களைத் திடீரெனக் கொல்லும் கருப்பைச் சீழ் நோய், ஈன்ற நாய்க்கும் வரும், ஈனாத நாய்க்கும் வரும். அதனைத் தடுப்பது கருப்பையை அகற்றும் கருத்தடை அறுவை ஒன்றே. இளமையிலேயே அதனைச் செய்தால் மடிக்கட்டியும் குறைவாகவே தோன்றும். ஆகவே நாயின் நலமே நோக்கம் எனில், வழி வேறு திசையில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பாசம். "இது போல் இன்னொன்று வேண்டும்" என்கின்றனர். பாசத்தைக் குறைகூற நாம் யார்? ஆனால் குட்டி என்பது தாயின் நகல் அன்று. பாதி தந்தை வழியாக வருகிறது. தாய் வழி வரும் பாதியிலும் எது வரும், எது விடுபடும் என்பதை எவரும் முன்னறிய இயலாது. பத்தாண்டு காலம் நம் வாசலைக் காத்த நாயின் குணத்தில் ஒரு பங்கு பிறப்பு. மறுபங்கு, அதனோடு நாம் வாழ்ந்த பத்தாண்டு.

எனில், எந்த நாய் தகுதியுடையது? தென் மாவட்டத்தார் நன்கறிந்த ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட இவ்வினத்துக்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. புள்ளியோ மறுவோ இல்லாத பால் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள்: அழகு என்று வளர்ப்போர் போற்றுவது இவற்றையே. விலை பேசுவோர் முதலில் பார்ப்பதும் அந்த வெண்மையைத்தான். அவ்வெண்மையிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் அணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அங்குள்ள நுண்ணிய இரத்த நாளப் படலம் உயிரோடிருக்க அவை துணைசெய்கின்றன. நிறம் முற்றிலும் நீங்கிய நாய்களில் சிலவற்றுக்கு அவ்வணுக்கள் செவிக்குள்ளும் இல்லாமற் போகின்றன. அப்போது குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அப்படலம் வாடி, ஒலியை உணரும் நரம்பணுக்களும் மடிந்துவிடுகின்றன. பிறகு மருந்தில்லை. மேலை நாட்டு டால்மேஷியன் இனத்தில் இதனை நன்கு ஆராய்ந்திருக்கின்றனர்: அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு ஒரு செவியோ இரு செவியுமோ கேட்பதில்லை, நீலக்கண் உடையவற்றில் இக்குறை இன்னும் மிகுதி. ராஜபாளையம் குட்டிகளிலும் செவிடு பிறப்பதுண்டு என்பதை அவ்வினத்தை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிவர். வாங்க வருவோரிடம் அதனைச் சொல்வோர் சிலரே.

இரு செவியும் கேளாத குட்டியை வீட்டார் விரைவில் கண்டுகொள்வர். அழைத்தால் வாராது, உடன்பிறந்தவை ஓடி எழும்போது இது மட்டும் உறங்கிக் கிடக்கும். இடர்ப்பாடு ஒரு செவி மட்டும் கேளாத நாயிடம் இருக்கிறது. அது வாசலைக் காக்கும், பெயர் சொன்னால் வரும், எவரும் குறை காணார். ஆனால் குறையைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்க அதனால் இயலும். எனவே வெள்ளை நாயை இணைசேர்க்க எண்ணுவோர் முதலில் செய்யத்தக்கது செவிச் சோதனை. நாய் அறியாதபடி அதன் பின்னே நின்று, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிறு மணி ஒன்றை ஒலித்துப் பாருங்கள். கையைத் தட்டாதீர்கள், தரையை மிதிக்காதீர்கள். செவிட்டு நாயும் காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும் உணர்ந்து திரும்பும். ஒலி எப்பக்கத்திலிருந்து வருகிறது என்று அறியாமல் தலையை இங்குமங்கும் திருப்பினாலோ, ஒரு பக்கமாகப் படுத்துறங்கும்போது மட்டும் எழாமல் இருந்தாலோ, ஐயம் கொள்ளலாம். ஐயத்தைத் தீர்ப்பது, தலையில் மின்முனை பொருத்தி ஒலிக்கு மூளை தரும் விடையைப் பதிவுசெய்யும் சோதனை. குட்டிகளுக்கு ஆறு வார வயதிலேயே இதனைச் செய்யலாம். இவ்வசதி எங்கும் இருப்பதன்று. எங்கே உண்டு என்று கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தறிய வேண்டும். நம்மவர்க்கு வேப்பேரியும் நாமக்கல்லும் திருநெல்வேலியும் உண்டு.

நாய் மட்டும் கேட்டால் போதாது. அதன் தாய், தந்தை, உடன்பிறந்தவை ஆகியவற்றுள் செவிடு இருந்ததா என்றும் கேட்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுவிடுகின்றன. "சந்தையில் வாங்கினோம்", "மைத்துனர் கொண்டுவந்து தந்தார்" என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறது என்று சிலர் பெருமையுடன் நீட்டுவர். அக்காகிதம் நாயின் முன்னோர் இன்னின்னார் என்று கூறும். அவர்கள் நலமாக இருந்தனரா என்று கூறாது. முன்னோர் பெயரில் ஒரே நாய் இருபுறமும் மீண்டும் மீண்டும் வந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். வெண்மை கெடாதிருக்க வேண்டுமென்று அண்ணன் தங்கையையும் தந்தை மகளையும் சேர்க்கும் வழக்கம் நாய் வளர்ப்போரிடம் உண்டு. மாமன் மகளை மணக்க விரும்புவோர்க்காக ஆயரிடம் விலக்கு வேண்டி விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் நமக்கு, நாய்களின் நிலை எண்ணத்தக்கதாகவே தோன்றுகிறது. அவற்றுக்காக விசாரிப்பார் எவருமில்லை.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். ஆண் நாய்க்கு விதை ஒன்று இறங்காமலிருந்தால், அது எவ்வளவு கட்டழகனாயினும் தகுதியற்றதே. அக்குறை வழிவழி வரும். இளமையில் உடல் முழுதும் பரவிய சிற்றுண்ணிச் சொறியால் வருந்திய நாயும் அவ்வாறே, மருந்தினால் குணமடைந்திருப்பினும். பெரிய இனங்களுக்கு இரண்டு வயதில் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். இணைசேருமுன் இரு நாய்களுக்கும் புரூசெல்லா கிருமிக்கான இரத்தச் சோதனை வேண்டும். அது கருவைச் சிதைப்பது, மனிதருக்கும் தொற்றக்கூடியது. தெரு நாயோடு சேர்ந்த நாய்களில் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி ஒன்று நம் நாட்டில் மிகுதி. கட்டியின் அணுக்களே ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஒட்டி வளரும் விந்தையான புற்று அது. மருத்துவத்துக்கு நன்கு இணங்கும். ஆனால் கவனியாது இணைசேர்த்தால் இரு வீட்டு நாயும் அவதியுறும்.

குணத்தைப் பற்றியும் ஒரு சொல். காரணமின்றி அஞ்சி நடுங்குவதும், வீட்டுக் குழந்தையையே கடிப்பதும் ஓரளவு பிறப்பிலேயே வருவன. "கடிக்கிறது, ஆகவே நல்ல காவல் நாய்" என்று பெருமை பேசுவோர் அத்தகைய எட்டுக் குட்டிகளை எட்டு வீடுகளுக்கு அனுப்புவதன் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை. காலை முதல் இரவு வரை சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாயின் குணத்தையோ எவராலும் மதிப்பிட முடியாது. முதலில் அதை அவிழ்த்து நடத்திப் பாருங்கள்.

இவையாவும் தேறிய பின்னரும் தாயின் நிலை இருக்கிறது. பெட்டை முதன்முறை பருவமடைவது ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள். அப்போது அதுவே குட்டி. 2017ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த விதிகள், விற்பனைக்காக நாய் பெருக்குவோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், 18 மாதம் நிறையாத நாயை இணைசேர்க்கலாகாது என்றும், 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்றும் கூறுகின்றன. ஒரு ஈற்றுதானே என்று எண்ணுவோரும் விற்பதாயின் இவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்வது நலம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பேறு பெரும்பாலும் இரவில் நிகழும். குட்டி குறுக்கே தங்கிவிட்டால் அந்த நேரத்தில் மருத்துவர் யார், எவ்வண்டியில் கொண்டுசெல்வது, அறுவைக்குப் பணம் உண்டா என்பதற்கெல்லாம் விடை முன்கூட்டியே இருத்தல் வேண்டும். விடை இல்லாத வீட்டில், நாய் தகுதியுடையதாயினும் வீடு தகுதியுடையதன்று.

குட்டிகளின் கணக்கு இன்னும் கடினமானது. எட்டுக் குட்டிகளில் நான்கு ஆண் எனில் அவற்றுக்கு ஆள் வருவர். "பெட்டை வேண்டாம், சுவாமி" என்பதுதான் எங்கும் கேட்கும் குரல். மீந்த பெட்டைக் குட்டிகள் எங்கே போகின்றன என்பதை, அதிகாலையில் கோவில் கதவைத் திறக்கும் உபதேசியாரைக் கேளுங்கள். சாக்கில் கட்டிக் கெபியருகே வைக்கப்பட்டவற்றை அவர் எத்தனை முறை எடுத்துவந்து நம் முன் வைத்திருக்கிறார்! கண் திறந்து சில நாளே ஆனவை, தாய்ப்பால் மறவாதவை. பெரும்பாலானவை பார்வோ கழிச்சலில் மாண்டன. பிழைத்தவை தெருவில் வளர்ந்து ஆண்டுக்கு இருமுறை பருவமடைந்தன. தெரு நாய்த் தொல்லை என்று ஊராட்சியிடம் மனுக் கொடுக்கும் நம்முள் சிலர், அந்நாய்களின் பாட்டி எந்த வீட்டில் வளர்ந்தது என்று அறிவார்களோ என்னவோ.

ஆகவே துணை கேட்டு வருவோரிடம் நாம் இப்போதெல்லாம் ஒரு தாளும் பேனாவும் தருகிறோம். எட்டுக் குடும்பங்களின் பெயரை எழுதச் சொல்கிறோம். அவற்றுள் நான்கு, பெட்டைக் குட்டியை வேண்டிக் கேட்ட குடும்பங்களாக இருத்தல் வேண்டும். சிலர் மூன்று பெயரோடு நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, அறுவைக்கு எந்த மருத்துவமனை நல்லது என்று கேட்கின்றனர். ஒரு குடும்பம் மட்டும் மறுவாரம் பதினொரு பெயருடன் வந்தது. செவிச் சோதனைத் தாளும் மருத்துவர் சான்றும் கையில் இருந்தன. மூன்றாண்டு கழித்து எவரேனும் நாயை வைத்துக்கொள்ள இயலாதெனில், தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தனர். அவர்களுக்கு மட்டும், அடுத்த பங்கில் நாம் அறிந்த ஓர் ஆண் நாயின் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். அந்நாய்க்கும் முதலில் செவியைச் சோதிக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.