‘மச்சி, எந்த போன் வாங்கலாம்?’

ஒவ்வொரு ஹாஸ்டலிலும் ஒரு பார்ட்டி இருப்பார். மெஸ் க்யூவில் நிற்கும்போதுகூட, “மச்சி, பதினஞ்சாயிரத்துக்குள்ள எந்த போன் வாங்கலாம்?” என்று நாலு பேர் அவரைச் சுற்றி நிற்பார்கள். அவரும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த பார்ட்டி நீங்கள்தான் என்றால், இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான். ஏன்னா, இதையே வேலையாக வைத்து கால் நூற்றாண்டு ஓட்டிய மனுஷர் ஒருவர் இருக்கிறார்!

பெயர் வால்ட் மாஸ்பெர்க். அமெரிக்காவின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் 1970-ல் நிருபராகச் சேர்ந்தவர். இன்ஜினீயர் எல்லாம் கிடையாது பாஸ். ராணுவத் தலைமையகமான பென்டகன், வெளியுறவுத் துறை என்று சீரியஸான நியூஸ் எழுதிக்கொண்டு இருந்தார். 1991 அக்டோபரில் ‘பர்சனல் டெக்னாலஜி’ என்று வாரப் பத்தி ஆரம்பித்தார். முதல் கட்டுரையில் எடுத்த எடுப்பிலேயே அவர் சொன்ன விஷயம் இதுதான்... கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது உங்க தப்பு இல்லை!

இப்போ கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு கம்ப்யூட்டர் பத்திரிகைகள் பெரும்பாலும் ஏற்கெனவே கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதின. மெகாஹெர்ட்ஸ், மெகாபைட் என்று பீட்டர் விட்டால், கடைக்குப் போன சாதாரண ஆள் ‘நமக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லை போல’ என்று தலையைக் குனிந்துகொண்டு வருவார். மாஸ்பெர்க் அந்தப் பழியைத் தூக்கி கம்பெனி தலையில் வைத்தார். வேலையே அதுதான். பொருளை விற்கிறவர் பக்கம் உட்காராமல், காசு கொடுக்கிறவர் பக்கம் உட்காருவது.

சொல்வது ஈஸி. 2007-ல் முதல் ஐபோன் கடைக்கு வரும் முன்பே கையில் கிடைத்த நாலு பத்திரிகையாளர்களில் மாஸ்பெர்க்கும் ஒருவர். அதே வருஷம் ஸ்டீவ் ஜாப்ஸையும் பில் கேட்ஸையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, காரா ஸ்விஷருடன் சேர்ந்து பேட்டி எடுத்தார். அவ்வளவு நெருக்கம்! அடுத்த வருஷமே ஆப்பிள் ‘மொபைல்மீ’ என்ற சேவையைக் கொண்டுவந்தது. வருஷத்துக்கு 99 டாலர். ஒழுங்காக வேலை செய்யவில்லை. மாஸ்பெர்க், ‘இதை வாங்கச் சொல்ல என்னால் முடியாது’ என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார். ஜாப்ஸ் அந்த டீமைக் கூப்பிட்டு வெச்சு வாங்கினதாக 2011-ல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகை எழுதியது. ‘நம்ம ஃப்ரெண்ட் மாஸ்பெர்க்கே நம்மைப் பற்றி நல்லா எழுதலை’ என்பதும் அந்த டோஸில் ஒரு பகுதியாம். சேவையைப் பார்த்துக்கொண்டவரின் பொறுப்பும் போனது.

இந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? ஓசியில் வாங்காமல் இருப்பதில் இருந்துதான். கம்பெனி அனுப்பிய பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவது, காசு, கிஃப்ட் எதையும் தொடாமல் இருப்பது, டெக்னாலஜி கம்பெனி ஷேர் வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று தனக்குப் போட்டுக்கொண்ட விதிகளை வாசகர் பார்க்கவே எழுதி வைத்திருந்தார். 2017-ல் ரிட்டயர் ஆனார்.

இப்போது இந்த நாற்காலியில் வீடியோக்காரர்கள். 2024 ஏப்ரலில் ‘ஹியூமேன்’ கம்பெனியின் ஏஐ பின் வந்தது. சட்டையில் குத்திக்கொள்கிற குட்டி மெஷின். விலை 699 டாலர், மாசச் சந்தா 24 டாலர். நான் ரிவ்யூ செய்ததிலேயே இப்போதைக்கு இதுதான் மோசம் என்று மார்க்கஸ் பிரவுன்லீ வீடியோ போட்டார். ‘ஒரு புது கம்பெனியை இப்படி அடிக்கலாமா?’ என்று அவர் மேல் பாய்ந்தவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் கம்பெனியின் பெரும்பகுதியை ஹெச்.பி. வாங்கியது. அந்த மாசக் கடைசியோடு பின்னின் சேவை நின்றுபோனது. வீடியோவை நம்பி வாங்காமல் விட்டவருக்கு 699 டாலர் மிச்சம். கம்பெனி பாவம்னு பார்த்தால், வாங்கினவர் யாரு?

நம்ம ஊரிலும் விதி வந்தாச்சு. விளம்பர ஒழுங்குமுறை அமைப்பான ‘ஏஎஸ்சிஐ’ 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. காசோ ஓசி போனோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூலையில் எறும்பு சைஸில் போடுவது செல்லாது.

சரி, நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு என்ன பிரச்னை? நமக்கு எம்ஏஹெச் தெரியும், ரெஃப்ரெஷ் ரேட் தெரியும். அதுதான் பிரச்னையே! ‘ராத்திரி பஸ் ஏறினா காலையில ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் சார்ஜ் நிக்குமா? திருநெல்வேலியில சர்வீஸ் சென்டர் இருக்கா?’ என்று கேட்பவருக்கு எம்ஏஹெச் பதில் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்து பெங்களூர் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த சுஜாதா, ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ எழுதினாரே... கேட்டவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்னதால்தான் அது ஹிட். கேம்பஸ் இன்டர்வியூ பேக்கேஜோடு இந்த வேலையின் ஆரம்பச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோகாதீர்கள், அது வேற கணக்கு.

ஆரம்பிக்கப் புது போன் வேண்டாம். டெம்பர் கிளாஸ் உடைஞ்சு, ஒரு வருஷமா உங்க பாக்கெட்டில் கிடக்கிற போன் போதும். அதைப் பற்றி 300 வார்த்தை எழுதி, ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணாவிடம் படித்துக் காட்டுங்கள். முழுசும் கேட்டுவிட்டு அவர், “சரி தம்பி, வாங்கலாமா வேண்டாமா?” என்று கேட்டால்... திரும்ப முதல்லேர்ந்து எழுதுங்க பாஸ்!