அவசரம் வேண்டாத வளர்ச்சி: மழலையர் மூளை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, நான்கு வயதில் அதற்கு வீட்டுப்பாடமும் ஐந்து வயதில் தேர்வும் வைத்து, இவை யாவற்றுக்கும் ‘மூளை வளரும் பருவம் தவறினால் மறுபடி வாராது’ என்று விஞ்ஞானத்தின் பெயராலேயே நியாயம் கற்பிக்கும் வழக்கம் நம் நகரங்களில் வேரூன்றி, இப்போது சிற்றூர்களுக்கும் பரவி வருகிறது. குழந்தை மருத்துவர்களும் மழலையர் பள்ளி ஆசிரியர்களும் உயிரியல் பயின்றோரும் கூடியமைத்த எங்கள் சங்கம், இதைப் பற்றிப் பெற்றோர் பலர் கேட்டுவரும் கேள்விக்குத் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது கடமையெனக் கருதுகிறது. ஆறு வயதுக்கு முன் எழுத்துப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்குவதற்கு ஜீவசாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை என்பதும், அந்தச் சாஸ்திரம் உண்மையில் வற்புறுத்துகின்ற உணவு, பேச்சு, அரவணைப்பு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றையே இந்த அவசரம் குழந்தையிடமிருந்து பறிக்கிறது என்பதும் எங்கள் நிலைப்பாடு.

மனிதக் குழந்தை பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்த மனிதனுடைய மூளையின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. சிம்பன்ஸிக் குட்டிக்கோ அது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது. மகாக் குரங்குக் குட்டிக்கு எழுபது. பிற விலங்குகளின் முதிர்ச்சியோடு பிறக்க வேண்டுமானால் மனித சிசு கருவறையில் இன்னும் ஓராண்டு தங்கியிருக்க வேண்டும் என்று ஸ்விட்ஜர்லாந்து தேசத்து உயிரியலாளர் அடால்ஃப் போர்ட்மான் கணித்தார். அந்த ஓராண்டும் அதற்கு மேற்பட்ட பல ஆண்டுகளும், தாயின் மடியிலும் உற்றார் முகங்களுக்கும் குரல்களுக்கும் நடுவிலும் மூளை வளரும்படியாகப் பரிணாமம் நம் இனத்துக்கு வழிவகுத்திருக்கிறது. எத்தியோப்பியாவின் டிகிக்கா என்னுமிடத்தில் 2000-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, முப்பத்து மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு குழந்தையின் மண்டையோட்டை நுண்கதிர் கொண்டு ஆராய்ந்தவர்கள், மூளையின் அமைப்பு இன்னும் வாலில்லாக் குரங்கினுடையதாகவே இருந்த அக்காலத்திலேயே அதன் வளர்ச்சி நீளத் தொடங்கிவிட்டது என்று 2020-இல் அறிவித்தனர். மனிதனுக்கே உரியதாய், இரட்டித்துத் தோன்றிய ஒரு மரபணு, நரம்பு இணைப்புகள் முதிரும் வேகத்தை வேண்டுமென்றே தணிப்பதுபோல் தணிக்கிறது என்பதும் 2012 முதல் அறியப்பட்ட செய்தி. ஆகவே, மெதுவாக வளர்வது நம் குழந்தைகளின் குறையன்று. பன்னெடுங்காலப் பரிணாமம் அவர்களுக்கு ஈட்டிவைத்த சொத்து.

இச்சொத்துக்குச் செலவும் உண்டு. ஐந்து வயதை ஒட்டிய பருவத்தில், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது என்றும், அதனாலேயே அப்பருவத்தில் உடல் வளர்ச்சி மந்தப்படுகிறது என்றும் கிறிஸ்டோஃபர் குஸாவாவும் அவர்தம் சகாக்களும் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினர். அயோடினும் இரும்புச் சத்தும் போதாத குழந்தைக்கு ஏற்படும் நஷ்டத்தை எந்தப் பயிற்சிப் புத்தகமும் ஈடுசெய்யாது. 1975-இல் தோன்றிய அங்கன்வாடித் திட்டத்தையும், 1982-இல் தமிழகத்தில் பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு விரிந்த சத்துணவுத் திட்டத்தையும் வெறும் தர்மச் செலவாகக் கருதுவோர் இன்னும் இருக்கிறார்கள். மூளை வளர்ச்சிக்கென்று பொதுப்பணத்தில் செய்யப்படும் காரியங்களில் இவற்றுக்கு நிகரானவை மிகச் சிலவே என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

‘முதல் மூன்றாண்டிலே இணைப்புகள் பெருகுகின்றன, அதற்குள் கற்பித்துவிட வேண்டும்’ என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இணைப்புகள் பெருகுவது உண்மையே. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்னும் மருத்துவர், இறந்தோரின் மூளைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து அவ்விணைப்புகளைப் பொறுமையோடு எண்ணினார். பார்வைக்குரிய பகுதியில் அவை முதலாண்டிலேயே உச்சத்தை அடைகின்றன என்பதையும், திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய நெற்றிப்புறப் பகுதியில் பின்னரே உச்சம் கண்டு வாலிபப் பருவம் வரை படிப்படியாகக் குறைகின்றன என்பதையும் அவர் கண்டார். குறைவது இங்கே நஷ்டமாகாது. தோட்டக்காரன் கவாத்து செய்வதுபோல், வழங்கும் இணைப்பு நிலைக்க, வழங்காதது கழிவதாலேயே மூளை தன் சூழலுக்கு இசைந்ததாக அமைகிறது. எண்ணிக்கை மிகுந்திருக்கும் பருவமே அறிவு மிகும் பருவம் என்று கொள்வது அந்த ஆராய்ச்சியைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

குறித்த பருவத்தில் கிடைத்தே தீரவேண்டியவை சில உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்தால், பின்னர் திறந்தபோதும் அக்கண்ணின் வழி மூளை பார்ப்பதில்லை என்று காட்டிய ஹ்யூபெல், வீசல் இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையைக் காலந்தாழ்த்தாமல் அகற்றவேண்டும் என்ற இன்றைய வைத்திய நியதி அவ்வாராய்ச்சியின் நேர்ப்பயன். ஆனால் அந்த எல்லையும் கற்சுவர் போன்றதன்று. நம் நாட்டிலேயே பவன் சின்ஹா நடத்திவரும் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பத்து வயதைக் கடந்தபின் கண்புரை நீக்கப்பெற்ற குழந்தைகள், கூர்மை முழுதும் வாய்க்காவிடினும், முகங்களையும் பொருள்களையும் இனங்காணக் கற்றிருக்கிறார்கள்.

பேச்சொலிகளின் விஷயமும் இத்தகையதே. கானடாவில் ஜேனட் வெர்க்கர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறேழு மாதச் சிசுக்கள் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஓராண்டு நிரம்புமுன் அத்திறன் அவற்றிடம் தேய்ந்துவிட்டது. அமெரிக்காவில் பட்ரீஷியா கூல், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் ஒருவர் பேசிக் கேட்பித்தபோது அவ்வொலிகளை அவை கற்றன என்றும், அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையில் காட்டியபோது கற்கவில்லை என்றும் 2003-இல் தெரிவித்தார். கைப்பேசியைக் கையில் கொடுத்துச் சோறூட்டும் வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், பெற்றோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

எழுத்தோ முற்றிலும் வேறு ஜாதி. நம் இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகியும், எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகளே கழிந்திருக்கின்றன. படிப்பதற்கென்று ஓர் உறுப்பைப் பரிணாமம் மூளையில் அமைத்துத்தர அவகாசமே கிட்டவில்லை. முகங்களையும் பொருள்களையும் அறியும் பகுதியிலிருந்து ஓரிடத்தைப் பயிற்சியால் கடன்பெற்றே நாம் படிக்கிறோம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்தானிஸ்லாஸ் தெஹான் விளக்குகிறார். அக்கடனுக்குக் கெடு நாளும் கிடையாது. லக்னோவை அடுத்த கிராமங்களில் எழுத்தறியாப் பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்தபோது அவர்களுடைய மூளையின் ஆழ்பகுதிகளிலும் மாறுதல் தென்பட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முப்பது வயதில் திறக்கும் கதவு, நான்கு வயதில் தட்டாவிட்டால் மூடிவிடும் என்று தாய்மாரை அச்சுறுத்துவது அநியாயம்.

உண்மையில் அச்சப்பட வேண்டியது அரவணைப்பின்மையைக் கண்டே. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டின் அநாதை விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆராய்ந்ததில், பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டு மற்றவர்களைக் காட்டிலும் தேறினர். இரண்டு வயதுக்கு முன் சேர்க்கப்பட்டோரே மிகுதியும் தேறினர். அக்குழந்தைகளுக்கு உணவும் கூரையும் இருந்தன. தங்களுக்கென்று ஒரு முகம் இருக்கவில்லை.

இவ்வளவு தெளிவாகச் சாஸ்திரம் பேசியிருக்க, வியாபாரம் வேறொன்றைப் பேசுகிறது. 1993-இல் கல்லூரி மாணவர் சிலர் மொட்ஸார்ட்டின் இசையைக் கேட்டபின் ஒருவகைப் புதிரில் பதினைந்து நிமிஷத்துக்குள் மறைந்துபோன சிறு முன்னேற்றம் காட்டியது, ஐந்தாண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிறக்கும் சிசு ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்கும் யோசனையாய் வளர்ந்தது. நம்மிடையே ‘நடுமூளையைத் தூண்டுகிறோம்’ என்று குழந்தையின் கண்ணைக் கட்டிப் படிக்கவைத்துக் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் பெறுகிறார்கள். நடுமூளை என்பது கண்ணின் அசைவுக்கும் விழிப்புக்கும் உடலியக்கத்துக்கும் உதவும் பகுதி. பிறக்குமுன்பே இயங்கத் தொடங்கி மரணம் வரை இயங்குவது. அதை எவரும் தூண்ட வேண்டியதில்லை. இத்தகைய வகுப்புகள் மோசடி என்பது எங்கள் தீர்ப்பு.

பரிணாமத்தின் பெயரால் நேரெதிரான பிழை செய்வோரும் உளர். ‘அறிவு மரபில் வருவது, பெண்ணின் மூளைக்குக் கணிதம் ஏறாது, இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு இன்னதுதான் வரும்’ என்பாருக்கு இச்சாஸ்திரத்தில் இடமில்லை. சூழலுக்கு ஏற்ப வளைந்துகொடுப்பதையே தன் மரபாகப் பெற்ற மூளைக்கு விதி கற்பிப்பது அறியாமை.

ஆறு என்னும் எண் இயற்கை கிழித்த கோடு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்; நான்கு வயதில் தானாக எழுத்துக் கூட்டும் குழந்தையைத் தடுக்கும்படி நாங்கள் கூறவில்லை. கட்டாயத்தையும் தேர்வையும் ஒப்பீட்டையும் தண்டனையையுமே எதிர்க்கிறோம்.

மழலையர் பள்ளி நிர்வாகிகள் சேர்க்கைத் தேர்வையும் வீட்டுப்பாடத்தையும் கைவிட்டு, கதைக்கும் பாட்டுக்கும் மணல் விளையாட்டுக்கும் பகல் உறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கவேண்டும். அரசாங்கம் அங்கன்வாடி ஊழியருக்குப் போதிய ஊதியமும் பயிற்சியும் அளித்து, மூளைத் தூண்டுதல் விளம்பரங்களைச் சட்டத்தால் தடுக்கவேண்டும். பெற்றோரை நாங்கள் கேட்டுக்கொள்வது எளிய ஒன்று: அண்டைவீட்டுக் குழந்தை எழுதத் தொடங்கிவிட்டதென்று உங்கள் குழந்தையை விரட்டாதீர்கள், அதனோடு தினமும் உங்கள் தாய்மொழியில் நிறையப் பேசுங்கள்.