ஐந்து மதிப்பெண் கவிதை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வரும். ஒரு படம் கொடுப்பார்கள். அதைப் பார்த்துக் கவிதையாக எழுதினால் 5 மதிப்பெண். கள்ளிக்குப்பம் மாதிரி சென்னைப் புறநகர்த் தெருக்களில் மாலை டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதற்கான குறுக்குவழி அத்துப்படி: பொதுவாக ஒரு கவிதையை உருப்போட்டு வைத்துக்கொள், படத்தில் மரம் என்றால் மரம், உழவர் என்றால் உழவர், பெயரை மட்டும் மாற்றிப் போடு.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதும் தேர்வு இது. எந்த எழுத்துப் பட்டறையாலும் இத்தனை பேரைத் திரட்ட முடியாது. கேள்வியும் நல்ல கேள்விதான். படத்தைப் பார்க்காமலேயே மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பதுதான் கோளாறு. ஆசிரியரை நொந்து பயனில்லை. கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர், பிழையில்லாமல் எட்டு வரி இருந்தால் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கத்தான் செய்வார்.

பழைய புலவர்களின் பயிற்சியில் இந்த ஓட்டை இல்லை. சபையில் ஒருவர் ஈற்றடியைக் கொடுப்பார், அதுவும் வேண்டுமென்றே கோணலான அடியாக. முன்னடிகளைப் புலவர் அங்கேயே கட்டி வெண்பாவை முடிக்க வேண்டும். காளமேகத்தின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்கள் பலவற்றுக்கு இப்படித்தான் கதை சொல்கிறார்கள். கட்டளைக் கலித்துறை என்ற யாப்போ எழுத்தையே எண்ண வைக்கும்: நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. கட்டு இறுக இறுக, நாக்கில் முதலில் வந்து நிற்கும் தேய்ந்த சொல் உள்ளே அடங்காது. வேறு சொல் தேடியாக வேண்டும். பயிற்சி என்பதே அந்தத் தேடல்தான்.

உரைநடைக்கும் இப்படிக் கட்டுப் போடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1947இல் வெளியிட்ட நூலில், பாரிஸ் பஸ்ஸில் நடந்த அற்பத் தகராறு ஒன்றை 99 விதமாக எழுதிக் காட்டினார். அந்தச் சரக்குக்கு நம் செங்குன்றம் சாலையில் பஞ்சமா? ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க வருகிறவர், இறங்கும்போது மீதிச் சில்லறைக்கு மல்லுக்கு நிற்கிறார். இதை டிரைவர் சொல்வதாக ஒருமுறை, பின்சீட்டில் மடியில் கூடையோடு நசுங்கிக்கொண்டிருக்கும் அம்மா சொல்வதாக ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அழகு, இயற்கை, உழைப்பு ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. உருப்போட்ட கவிதை எதற்கும் உதவாது.

நாமக்கல்லில் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன், தன் மாணவர்களும் நண்பர்களும் கூடிய 'கூடு' சந்திப்பில் இன்னும் கடினமான தலைப்பைக் கொடுத்தார்: சாதியை நீ எங்கே, எப்படி எதிர்கொண்டாய்? அந்தக் கட்டுரைகள்தாம் 2013இல் 'சாதியும் நானும்' என்ற நூலாக வந்தன. எழுதியவர்களில் பலர் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். கொட்டாங்குச்சியில் காபி வாங்கிக் குடித்த அனுபவத்துக்கு எந்த கைடிலும் மாதிரி விடை கிடையாது. அவரவரே சொல் தேட வேண்டியிருந்தது.

தேர்வில் இவ்வளவு கேட்க முடியாதுதான். படத்துக்குக் கீழே ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கலாம். 'படத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் இதைப் பார்க்கிறார். அவர் சொல்வதாக எழுதுக' என்று ஓர் ஆண்டு. அடுத்த ஆண்டு வேறு. கைடு போடுகிறவர்கள் அதற்கும் வழி கண்டுபிடிப்பார்கள். கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கட்டுமே.