கணக்கை டேட்டா இருக்கிற இடத்துக்கு அனுப்புங்க

எங்க ரஞ்சன்குடி கோட்டைப் பக்கம் வந்திருக்கீங்களா? சுத்துப்பட்டு ஊர்களில் அறுவடையான சின்ன வெங்காயத்தைக் காட்டுலேயே பட்டறை போட்டு வெச்சிருப்பாங்க. விலை வந்ததும் அங்கேயே ஆள் விட்டுத் தரம் பிரிச்சு மூட்டை கட்டுவாங்க. தரம் பிரிக்கிறதுக்காக மொத்தப் பட்டறையையும் யாரும் வீட்டுக்கு அள்ளிட்டு வர மாட்டாங்க.

நாம லேப்ல அதைத்தான் செய்றோம். போஸ்ட்கிரெஸ் டேபிள்ல பல லட்சம் வரிசை இருக்கும். நமக்கு வேண்டியது மாதவாரி சராசரி விலை மட்டும்தான். அதுக்காக மொத்த டேபிளையும் ஆர் மொழிக்குள் இழுக்கிறோம். ஆர் எல்லாத்தையும் ரேம்லதான் வைக்கும். ரிவியூவுக்கு முதல் நாள் ராத்திரி என் லேப்டாப் அப்படியே உறைஞ்சு நின்னது இதனாலதான்.

வழி இருக்கு. 'டிபிபிளையர்' என்ற ஆர் பேக்கேஜ், நாம எழுதுற ஃபில்டர், குரூப் பை, சம்மரைஸ் எல்லாத்தையும் எஸ்க்யூஎல்லா மாத்தி டேட்டாபேஸுக்கு அனுப்பும். கணக்கு அங்கேயே நடக்கும். 'கலெக்ட்' கொடுத்தா மாதத்துக்கு ஒரு வரிசைதான் திரும்பி வரும்.

ஆனா அனுப்பியாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க. ரெண்டு இடத்தில் இடிக்கும்.

ஒண்ணு, நீங்களே எழுதின ஃபங்ஷன். டிபிபிளையர் அதுக்குள்ள எட்டிப் பார்க்காது. பேரை மட்டும் அப்படியே அனுப்பும். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லைன்னு போஸ்ட்கிரெஸ் எரர் காட்டும். டேட்டாபேஸுக்குள்ளேயே ஆர் கோடை ஓட்ட 'பிஎல்-ஆர்' இருக்கு; ஆனா சர்வர்ல ஆர் இன்ஸ்டால் ஆகியிருக்கணும்.

ரெண்டாவது இன்னும் ஆபத்து, ஏன்னா எரரே வராது. மூணு நாள் விலை 30, பதிவு இல்லை, 50 என்று வெச்சுக்கோங்க. ஆர்ல சும்மா 'மீன்' போட்டா என்ஏ வரும். எஸ்க்யூஎல் 'ஏவிஜி' அந்த நாளைத் தள்ளிட்டு 40-ன்னு சொல்லும். ஒரு நாள் விலையே காணோம்னு ரிப்போர்ட் படிக்கிற விவசாயிக்குத் தெரியவே தெரியாது.

ஆர் ஒரு லேப், டிபிஎம்எஸ் இன்னொரு லேப்னு தனித்தனியா ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்குறோம். ரெண்டும் சேருற இடத்தை யாரும் கேக்கிறதில்லை, நாமளும் பார்க்கிறதில்லை. என் கருத்து இதுதான்: அடுத்த ப்ராஜெக்ட்ல 'கலெக்ட்' அடிக்கிறதுக்கு முன்னாடி 'ஷோ க்வெரி' அடிங்க. வர்ற எஸ்க்யூஎல்லை வரிவரியாப் படிங்க. நீங்க கேட்ட கணக்கைத்தான் டேட்டாபேஸ் போடுதான்னு அதுலதான் தெரியும்.