வெள்ளத்தின் கணக்கும் காணியின் கணக்கும்

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் இந்நாட்டின் பாராளுமன்றத்துள் வெள்ளம் புகுந்தது. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே 1982இல் எழுப்பப்பட்ட மாளிகை அது. கோடானுகோடி செலவில் கட்டிய மன்றத்தையும் கொலன்னாவைக் குடிசையையும் வெள்ளம் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. தண்ணீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்தது, அவ்வளவே.

அவ்வெள்ளத்தின் பின்னர்தான் ஆட்சியாளரின் கண் சற்றே திறந்தது. 2012இல் உலக வங்கியின் கடனுதவியோடு கொழும்பு மாநகரில் ஒரு பெருந்திட்டம் தொடங்கிற்று. வாய்க்கால்கள் சீர்செய்யப்பட்டன. அதனுடன் வெள்ளத்தைக் கணக்கிடும் ஆய்வுகளும் நடந்தன. இன்ன அளவு மழை பெய்தால் எந்த நிலம் எவ்வளவு நீரை ஏற்கும், எந்த வாய்க்கால் எவ்வளவு நீரைக் கடலுக்கு விடும், மிஞ்சிய நீர் எந்த ஒழுங்கையில் எத்தனை அடிக்கு நிற்கும் என்பவற்றைக் கணினியில் முன்கூட்டியே கண்டறியும் முறை இது.

இக்கணக்கின் அடிப்படை கமக்காரர் அறியாததன்று. ஓர் ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் நீர் விழுகிறது. வயலும் சதுப்பும் அந்நீரைத் தாங்கி நிறுத்தி மெல்ல விடுவிக்கும். அதே நிலத்தை மண்ணிட்டு நிரப்பிச் சீமெந்து போட்டால், அந்நீரில் பெரும்பகுதி அண்டை வளவுக்குள் ஓடும். நிரப்பியவர் காணிக்கு விலை கூடுகிறது. அயலவர் வீட்டுக்குள் வெள்ளம் ஏறுகிறது. இலாபம் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு! இதனை அபிவிருத்தி என்று அழைப்பது எந்த நீதி?

நகரம் வளர்வது ஒரு புறமிருக்க, வானமும் மாறி வருகிறது. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் மேலதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது பேய்மழையாகப் பெய்யும் வாய்ப்பு மிகுகிறது. நூறாண்டு வெள்ளம் என்பது நூறாண்டுக்கு ஒரு முறை மட்டுமே வருவது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது தவறு. ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்பவர் அதனைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறு. அந்த வாய்ப்புங்கூடப் பழைய மழைப் பதிவுகளிலிருந்து பெற்றது. பாட்டன் காலத்து மழையை அளவாகக் கொண்டு பேரன் காலத்து வாய்க்காலை வெட்ட முடியாது.

எதிர்கால மழையைத் துல்லியமாக அறிய இயலாதே, கணக்கால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். கொழும்பு ஆய்வே அதற்கு விடை தருகிறது. உலக வங்கி ஆய்வாளர் ஒரே எதிர்காலத்தை நம்பவில்லை. பல எதிர்காலங்களை வகுத்துச் சோதித்தனர். ஈரநிலங்கள் யாவும் அழிந்துபோனால், அவற்றுட் சிலவற்றில், வெள்ளத்தால் வரும் ஆண்டுச் சராசரி இழப்பு கொழும்பின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகும் எனக் கண்டனர். எதிர்காலம் தெளிவில்லாத காரணத்தினாலேயே சதுப்பைக் காப்பது அறிவுடைமை. ஒரு முறை நிரப்பிய சதுப்பை மீண்டும் பெறுதல் அரிது.

2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. பெருமைதான். ஆயினும் 2016இலும் 2025இலும் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையிலும் கடுவலையிலும் மக்கள் வீடிழந்து தவித்தனர். கணக்கு ஒரு காரியாலயத்தில், காணி நிரப்பும் அனுமதி இன்னொரு காரியாலயத்தில் என்றிருக்கும் வரை பட்டயங்கள் எவரையும் காக்கமாட்டா.

இது கொழும்பின் கதை மட்டுமன்று. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரி மழையை ஏற்பவை குளங்களும் தரவைகளும் வயல்களுமே. 2008 நவம்பரிலும் 2024 நவம்பரிலும் வந்த வெள்ளங்களை நாம் மறந்துவிடவில்லை. குளத்தை மூடிக் கடை கட்டுபவர் அந்நியரல்லர், நம்மவரே. இதனைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வெள்ள அபாய வரைபடங்கள் ஒழுங்கை ஒழுங்கையாகத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். காணி நிரப்பவும் கட்டிடம் எழுப்பவும் அனுமதி கோருபவர், தம் காணியிலிருந்து வெளியேறும் நீருக்குக் கணக்குக் காட்டவேண்டும். காட்டாதவருக்கு அனுமதி இல்லை என்பது சட்டமாகவேண்டும். குறித்த கால இடைவெளியில் புதிய மழையையும் புதிய கட்டிடங்களையும் சேர்த்து அக்கணக்கு திருத்தப்படவேண்டும்.

வயல் நிலத்தை அனுமதியின்றி நிரப்பலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் ஏற்கெனவே கூறுகிறது. அதனை நடைமுறைப்படுத்தும் துணிவே வேண்டும். பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் பிரதேச சபைகளின் முன் சென்று வாதாடட்டும். மழைநீர் எந்த வழியால் வந்து எங்கே நிற்கும் என்பதைத் தலைமுறையாகக் கண்ட கமக்காரரும் வாய் திறக்கட்டும். அவர்கள் சாட்சியம் சேராத கணக்கு முழுமையான கணக்காகாது.

காணியின் விலையை நாம் கணக்கிடுகிறோம். வெள்ளத்தின் விலையை யார் கணக்கிடுவது? இன்று நாம் கணக்கிடாவிடில், நாளை வெள்ளமே வந்து கணக்குத் தீர்க்கும்.