சீட்டில் ஏறாத இழப்பு

சாலையில் அடிபட்டவரை 108-இலோ கிடைத்த ஆட்டோவிலோ ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) இரண்டு வரி எழுதுகிறார். அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லையென்றால், கூட வந்தவர் சொன்னதே பதிவாகும். பதற்றத்தில் அவர் 'பைக்கிலிருந்து விழுந்துட்டார்' என்று மட்டும் சொல்லியிருப்பார். இடித்துவிட்டுப் போன கார் அந்த இரண்டு வரியில் இருக்காது. இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வரும்போது காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கையில் எடுப்பது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். 'தானாக விழுந்ததாகத்தானே இதில் இருக்கிறது?' என்று குறுக்கு விசாரணை தொடங்கும்.

அதனால்தான் வீட்டில் ஒருவர் முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி, யார் பார்த்தார்கள், யார் தூக்கிவந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். 'ஆள் படுத்துக் கிடக்கும்போது கணக்குப் பார்க்கிறார்களே' என்று பேசும் உறவினர்கள் இருப்பார்கள். பேசட்டும்.

நோட்டு விபத்தோடு நின்றுவிடக் கூடாது, இழப்பும் அதில் ஏற வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், காயமடைந்தவருக்கு எந்தெந்த இனங்களில் இழப்பீடு என்று வகுத்துச் சொன்னது. மருத்துவச் செலவு மட்டுமல்ல. போக்குவரத்து, சத்தான உணவு, சிகிச்சைக் காலத்தில் போன வருமானம், இனி குறையப்போகும் வருமானம், வலி, வாழ்க்கையில் இழந்த வசதிகள் எல்லாம் உண்டு. ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமலும் இருக்கலாம்.

மருத்துவக் குழுவின் சான்றிதழ் சதவீதத்தைச் சொல்லும், பிழைப்பைச் சொல்லாது. ஒரு கொத்தனாரின் நோட்டில் இப்படி இருக்கலாம்: 'செவ்வாய். சாரத்தில் ஏறினேன். பாதியில் முட்டி மடங்கவில்லை, இறங்கிவிட்டேன். மேஸ்திரி கலவை போடச் சொன்னார். சித்தாள் கூலிதான் கொடுத்தார்.' இதை எந்த எக்ஸ்ரேவும் காட்டாது.

அரசு மருத்துவமனையில் இன்னொரு சிக்கல். இலவச சிகிச்சைக்கு பில் கிடையாது. 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது, நல்ல திட்டம். ஆனால் துணைக்கு இருந்த மனைவி இழந்த கூலி, ஆட்டோ வாடகை, முட்டைக்கும் பாலுக்கும் போன காசு எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. வெளியே வாங்கிய மருந்தின் பில்லும் சில மாதங்களில் வெளுத்துப்போகும். அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்து வைப்பது நல்லது.

எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். சம்பவத்தையொட்டி எழுதிய குறிப்பைச் சாட்சி சொல்பவர் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதே குறிப்பை எதிர்த் தரப்பும் வாங்கிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். தினமும் 'தாங்க முடியாத வலி' என்று எழுதிய நோட்டைவிட, 'இன்று பரவாயில்லை, கோயில்வரை நடந்தேன்' என்றும் எழுதிய நோட்டுக்கே மதிப்பு அதிகம்.

ஆதாரம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் கைவிடாது என்பார்கள். சையத் சாதிக் வழக்கில் ஒரு காலை இழந்த காய்கறி வியாபாரி, மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். ஆவணம் இல்லையென்று உயர் நீதிமன்றம் 3,500 என்று வைத்தது. அமைப்புசாராத் தொழிலாளி வருமானத்துக்கு எப்படி ஆவணம் காட்டுவார் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 2014-இல் அதை 6,500 ஆக்கியது. கேள்வி நியாயமானது. ஆனாலும் 6,500 உத்தேசத் தொகைதான். அதற்கே டெல்லிவரை போக வேண்டியிருந்தது. மொத்தக் கொள்முதல் சீட்டையும் அன்றாட வரவையும் குறித்துவைத்திருந்தால் வாதாட ஒரு பிடி இருந்திருக்கும்.

எல்லாப் பாரத்தையும் படுத்திருப்பவர் தலையிலேயே வைப்பதும் சரியல்ல. 2022 முதல் நடப்பிலிருக்கும் மத்திய விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். மருத்துவமனைகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும்: டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஏ.ஆர். காப்பியையும் நோயாளி கையில் கொடுத்துவிடலாம். அந்த இரண்டு வரி தவறாக இருந்தால், நினைவு பசுமையாக இருக்கும்போதே மறுத்து எழுதிக் கொடுக்க வழி பிறக்கும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.